சிட்டுவுக்கு ஒரு ஜோடி

எங்கள் ஒன்றாம் வகுப்பில் உதவிக்கு இருந்தவரைப் பிள்ளைகள் 'பட்டன் அக்கா' என்பார்கள். பன்னிரண்டு வருஷம் தையல் கம்பெனியில் பட்டன் தைத்தவர். இங்கே வந்தும் ஊசி நூலைக் கைவிடவில்லை. எந்தப் பிள்ளையின் சட்டையில் பட்டன் தொங்கினாலும் பிடித்து நிறுத்தித் தைத்துவிடுவார். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். டீச்சர் என்று என்னிடமும் தயவு தாட்சண்யம் கிடையாது.

அவருடைய முக்கிய வேலை சிட்டு. ஆறு வயது. பேச்சு மெதுவாக வரும், எழுத்து அதைவிட மெதுவாக. வருஷக் கடைசிக்குள் பத்து வார்த்தையாவது வாசிக்காவிட்டால் அவளை வேறு கட்டிடத்திலிருக்கும் தனி வகுப்புக்கு அனுப்பிவிடுவதாகத் தலைமை ஆசிரியை சொல்லியிருந்தார்.

தினமும் காலையில் ஜோடி வாசிப்பு. ஒரு புத்தகம், இரண்டு பேர். "உங்களுக்குப் பிடிச்சவங்களோட உக்காருங்க" என்பேன். ஓட்டமும் தள்ளுமுள்ளுமாக எல்லாரும் சேர்ந்துவிடுவார்கள். சிட்டு மட்டும் மிஞ்சுவாள். உடனே அக்கா குட்டி நாற்காலியை இழுத்துப்போட்டு, முழங்கால் முகவாயில் இடிக்க, அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். நானும் அப்பாடா என்று இருந்துவிடுவேன். இப்படியே ஏழு மாசம் ஓடியது. சிட்டு கற்றது ஐந்தே எழுத்து.

ஒருநாள் அக்கா, வகுப்பிலேயே பெரிய வாயாடிக்குப் பட்டன் தைத்தபடி கேட்டார்: "ஏண்டி, சிட்டுகூட ஒருத்தரும் உக்கார மாட்டேங்கிறீங்க?"

"அவளுக்குத்தான் நீங்க இருக்கீங்களேக்கா. அவ உங்க பாப்பாதானே?"

அக்கா நூலை அறுக்க மறந்து அப்படியே இருந்தார்.

மறுநாள் அக்கா நாற்காலியை வராந்தாவில் போட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். சிட்டு வாசலைப் பார்த்து மூன்று நாள் அழுதாள். எனக்குப் பொறுக்கவில்லை. "என்னக்கா, கல்நெஞ்சா உங்களுக்கு?" என்றேன்.

"பிடிச்சவங்களோட உக்காருன்னு தினமும் சொல்றீங்களே டீச்சர், யாருக்கும் பிடிக்காத பிள்ளை எங்க போய் உக்காரும்?"

சுருக்கென்றது. தப்பில் பாதி என்னுடையது. அன்றிலிருந்து ஜோடியை நானே சேர்த்தேன், வாராவாரம் மாற்றி. வாயாடிதான் சிட்டுவுக்கு முதல் ஜோடி. மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தவள், வரியில் விரலை வைத்து அதட்ட ஆரம்பித்தாள். நான் பதறி எழுந்தேன்.

"விடுங்க டீச்சர்," என்றார் அக்கா வாசலிலிருந்து. "நாம யாரும் அவளை ஒருநாளும் அதட்டினதில்ல. எல்லாரும் பாவம் பாவம்னே இருந்துட்டோம்."

கடைசியில் சிட்டு பதினான்கு வார்த்தை வாசித்தாள். இதே வகுப்பில் இருக்கட்டும் என்றார் தலைமை ஆசிரியை. கூடவே, இனி அவளுக்கென்று தனியாக ஆள் வேண்டாம் என்றும் சொன்னார். தயங்கித் தயங்கி அக்காவிடம் சொன்னேன்.

"நாற்காலிய வெளிய போட்ட அன்னைக்கே தெரியும் டீச்சர்."

போவதற்கு முன் சிட்டுவிடம் சொல்லிக்கொள்ள உள்ளே வந்தார். ஜோடி வாசிப்பு நடந்துகொண்டிருந்தது. தோளைத் தொட்டார். சிட்டு நிமிரவில்லை, விரல் வரியிலேயே இருந்தது.

"இருங்கக்கா. இந்தப் பக்கம் முடியட்டும்," என்றாள்.

அக்கா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் முடியும்வரை நின்றார்.