அண்ணை எனக்காக முழுகச் சம்மதித்த கிழமை

“தம்பி, நீர் இன்னும் கேஸ் போடேல்லையே?”

ரொறன்ரோவின் மல்வேர்ன் பக்கம், ஒரு உயர்ந்த கட்டடத்தின் ஒன்பதாம் மாடி. கதவடியில் நின்று ஈரச் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அந்த வீட்டு அண்ணை அப்போதுதான் இரவு ஷிஃப்ற் முடித்து வந்து, சாரம் உடுத்தபடி நின்றார்.

“அகதிக் கேஸ் போட நான் வரேல்லை அண்ணை. ஊழியத்துக்கு வந்தனான். முடியத் திரும்பிப் போகவேணும்” என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. “எங்க, கொழும்புக்கோ? உமக்கென்ன விசரே? சனம் கப்பலிலயும் கொண்டெயினருக்கையும் அடைபட்டு வருது. நீர் பிளேனில வந்து இறங்கி, ரையும் கட்டிக்கொண்டு, திரும்பிப் போறன் எண்டுறீர். மோர்னிங்சைட் பக்கம் எனக்குத் தெரிஞ்ச லோயர் ஒருத்தர் இருக்கிறார். ஒரு சொல்லுச் சொல்லும், கூட்டிக்கொண்டு போறன்.”

ஒரு சப்பாத்து காலில், மற்றது கையில். திரும்பிப் போகாமல் விடலாம் என்பது அந்த நிமிஷம் வரையில் எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியபிறகு அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

நான் மோர்மன் என்கிற அமெரிக்கக் கிறிஸ்தவ சபையின் மிஷனரி. வெள்ளவத்தையில் இலவச இங்கிலீஷ் வகுப்புக்குப் போய், அதை நடத்திய இரண்டு வெள்ளைக்காரப் பெடியளோடு வாதாடி வாதாடியே அவர்களுடைய சபைக்குள் போனவன். எதையும் அரைகுறையாகச் செய்ய வராது எனக்கு. ஊழியத்துக்கு எழுதிப்போட்டேன், ரொறன்ரோ என்று வந்தது. இரண்டு வருஷம் வெள்ளைச் சேட், ரை, நெஞ்சில் பெயர்ப்பட்டி. எப்போதும் இரட்டையாகத்தான் திரியவேண்டும், ஒருவரை ஒருவர் கண்ணை விட்டு விலக்கக் கூடாது. வீட்டுக்கு ரெலிபோன் எடுப்பது வருஷத்தில் இரண்டே தரம். தேத்தண்ணி கூடக் குடிக்கக் கூடாது. தமிழ் வீடுகளில் இதைச் சொன்னால் எனக்கு ஏதோ நோய் வருத்தம் என்று நினைத்து மால்ற் சத்துமா கரைத்துத் தருவார்கள். முதல் வருஷம் முழுக்க லிஃப்ற்றுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படியில் ஓடியவன் நான். கூட வந்தவர்கள் மூச்சு வாங்கித் திட்டுவார்கள்.

மிஷனரிகளுக்குள் ஒரு பேச்சு வழக்கு இருந்தது. ஊழியம் முடிகிறவன் ‘சாகிறான்’. கடைசியாக அவனோடு சோடி சேர்கிறவன் அவனைக் ‘கொல்லுகிறான்’. முடியமுன்பே மனதால் வீட்டுக்குப் போய்விடுகிறவனைப் ‘பெட்டி கட்டிவிட்டான்’ என்பார்கள். என்னைக் கொல்ல வந்தவன் அமெரிக்காவில் ஏதோ மலைப்பக்கத்துப் பெடியன். சிவந்த காது, நல்ல மனசு, தமிழில் வணக்கம் மட்டும் தெரியும். “நீ செத்தால் உன்னுடைய குளிர்கோட் எனக்கு” என்று இங்கிலீஷில் பகிடி விடுவான். நானும் சிரிப்பேன். ஆமியும் பொலிசும் இரவில் லொட்ஜ்களைச் சுற்றிவளைத்து எங்கள் வயதுத் தமிழ்ப் பெடியளை ஏற்றிக்கொண்டு போகிற ஒரு ஊருக்குத்தான் நான் ‘செத்து’ப் போகிறேன் என்பதை அவனுக்கு எப்படிச் சொல்வது? அம்மாவும் தங்கச்சியும் அங்கே ஒரு வாடகை அறையில், பொலிஸ் பதிவுத் துண்டைக் கையோடு வைத்துக்கொண்டு இருந்தார்கள்.

அந்தக் கேள்விக்குப் பிறகு என் வேலை கெட்டது. கதவு திறந்ததும், கடவுளுக்கு உங்களைத் தெரியும், உங்களுக்காக ஒரு வழி வைத்திருக்கிறார் என்று நான் சொல்லவேண்டும். வாய் சொல்லும். மண்டைக்குள் லோயரின் கந்தோர்ப் படி ஏறுவதுதான் ஓடும். வெளியே உப்பும் சேறுமாய்க் கரைந்த பனி. காற்சட்டை நுனியெல்லாம் வெள்ளைக் கோடு. கதவு திறக்காவிட்டால் முன்பு கோபம் வரும், இப்போது நிம்மதியாக இருந்தது. என் சோடி கவலைப்பட்டான். “நீ பெட்டி கட்டிவிட்டாய்” என்றான். நானோ கட்டிலுக்குக் கீழே கிடந்த பெட்டியை இழுத்துக்கூடப் பார்க்கவில்லை.

மிஷன் கந்தோரில் இருந்து ஒருவன் ரெலிபோன் எடுத்தான். ரிக்கற் போடவேண்டும், உன் வீட்டுக்குக் கிட்ட இருக்கிற எயார்போட் எது என்று உற்சாகமாகக் கேட்டான். பிறந்த வீட்டுக்குக் கிட்ட இருப்பது பலாலி, அது ஆமிக்காரரிடம் இருக்கிறது என்றேன். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எழுத்துக் கூட்டிச் சொல் என்றான். கொழும்பு என்று எழுதச் சொன்னேன்.

ஒன்பதாம் மாடி வீட்டுக்கு மட்டும் தொடர்ந்து போனோம். போகவேண்டும்போல் இருந்தது. நான் கொடுத்த இயேசு படத்தை அண்ணையின் மனிசி, அக்கா, சாமித்தட்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்து, நெற்றியில் சந்தனமும் வைத்திருந்தா. என் சோடி கிட்டப் போய் அந்தச் சந்தனத்தை உற்றுப் பார்த்தான். “வெறும் நெத்தியோட இருக்கிறார், பார்க்க ஒரு மாதிரிக் கிடந்துது” என்றா அக்கா. நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணை எங்கள் சேர்ச்சுக்கு வந்தார். கலியாணத்துக்குப் போடுகிற கோட் சூட். கடைசி வாங்கில் உட்கார்ந்து, எல்லாரும் எழும்பும்போது எழும்பி, இருக்கும்போது இருந்தார். முடிந்ததும் கார் நிறுத்துமிடத்தில் என்னைத் தனியே இழுத்தார். தனியே என்றால் என் சோடி இரண்டடி தள்ளி நிற்க.

“தம்பி, நான் யோசிச்சுப்போட்டன். நான் முழுகிறன்.”

“என்னண்ணை?”

“அதுதான், நீங்கள் தண்ணிக்குள்ள தாட்டு எடுப்பியளே, அது. எப்ப எண்டு சொல்லும்.”

கடைசி மாதத்தில் ஒருவர் ஞானஸ்நானம் கேட்டு வருவது எந்த மிஷனரியும் வாய்விட்டுச் சொல்லாத ஆசை. என் சோடி என் சட்டையைப் பிடித்து இழுத்தான். “என்ன சொல்கிறார்?” சொன்னேன். அவன் சேற்றுப் பனிக்குள்ளேயே அண்ணையைக் கட்டிப் பிடித்தான்.

அவன் தோளுக்கு மேலால் அண்ணை கேட்டார்: “உவன் ஏனடாப்பா அழுறான்?”

“சந்தோசத்தில. அண்ணை, நீங்கள் இதை நம்பிறியளோ?”

“நம்பிக்கை கிடக்கட்டும். எங்கட கொம்பனியில புது ஆளைக் கொண்டந்து சேர்த்தவனை லே-ஓஃப் பண்ணி வேலையால நிப்பாட்டமாட்டாங்கள். நீர் இங்க ஒருத்தரையும் சேர்க்கேல்லை எண்டு அறிஞ்சன். அதுதான் திருப்பி அனுப்பிறாங்கள். என்னைச் சேர்த்தால் வைச்சிருப்பாங்கள் எல்லோ? அதுக்கிடையில லோயரைப் பாப்பம்.”

“அக்கா என்ன சொன்னவா?”

“தலை ஈரத்தோட வெளிய வராதேங்கோ, தடிமன் பிடிக்கும் எண்டவள். முருகன் ஒண்டும் நினைக்கமாட்டார். அவருக்கு விளங்கும்.”

நான் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டேன். இரண்டு வருஷமாக நான் தட்டிய கதவுகளுக்குப் பின்னால் வேறொருவர்கூட என் உயிரைப்பற்றி யோசித்ததில்லை. யோசித்த ஒரே மனிசன், தான் நம்பாத தண்ணீருக்குள் எனக்காக இறங்கத் தயாராகி நின்றார். அண்ணை சொன்ன மற்றப் பாதி என்னவென்று என் சோடி கேட்டான். குடும்பத்தைப்பற்றிக் கதைக்கிறார் என்றேன்.

அவன் அன்றைக்கே சனிக்கிழமையைக் குறித்துவிட்டான். அண்ணையின் வயிற்று அளவுக்கு வெள்ளை உடுப்பு இருக்கிறதா என்று ஆள் ஆளாக விசாரித்தான். “பார்த்தாயா, கடைசி வரைக்கும் ஓடினால் பலன் உண்டு” என்றான். நான் அவனுக்குத் தலையாட்டினேன். ஒன்றும் சொல்லாமல் விட்டால் எல்லாருக்கும் நல்லதுபோலத்தான் இருந்தது. அவனுக்கு வெற்றி. எனக்குப் பெயர். அண்ணைக்கு நான் உயிரோடு இருப்பேன் என்ற ஆறுதல். ஆனால் அந்த ஆறுதல் மட்டும் பொய். அவர் முழுகினாலும் என் ரிக்கற் மாறாது.

திங்கட்கிழமை எங்களுக்கு உடுப்புத் தோய்க்கிற நாள். கட்டடத்தின் நிலவறையில் வெள்ளைச் சேட்டுகள் மெஷினுக்குள் சுழன்றுகொண்டிருந்தன. என் சோடி பக்கத்தில் இருந்து தோடம்பழம் உரித்தான். கார் நிறுத்துமிடத்தில் அண்ணை சொன்ன முழுவதையும், லே-ஓஃப் உட்பட, அவனுக்குச் சொன்னேன். அவன் உரித்த சுளையைத் தோலுக்கு மேல் வைத்தான். “அப்படியென்றால் அவருக்கு ஒன்றும் வேண்டாமா?” என்று கேட்டான். பிறகு, “உன்னை உண்மையில் கொன்றுவிடுவார்களா?” என்றான். தெரியாது என்றேன். அது உண்மை.

சேட்டுகள் காய்ந்ததும் இரண்டு பேரும் ஒன்பதாம் மாடிக்குப் போவோம். இங்கே ஆள் சேர்த்தவனை வைத்திருக்கிற வழக்கம் இல்லை அண்ணை, எனக்காக முழுகவேண்டாம் என்று நான் சொல்லவேண்டும். அப்ப லோயரிட்ட வாரும் என்று அவர் எழும்பினால் என்ன சொல்வதென்று தெரியவில்லை. பின்னேரம் மிஷன் தலைவருக்கு ரெலிபோன் எடுத்து, எனக்குத் திரும்பிப் போகப் பயமாக இருக்கிறது என்று சொல்லப்போகிறேன். அந்த வசனத்தை இங்கிலீஷில் நான் ஒருநாளும் சொன்னதில்லை. மெஷின் இரைச்சலுக்குள் மெல்லமாகச் சொல்லிப் பார்த்தேன். பாதி வசனத்தில் நின்றுபோனேன். இன்னொருமுறை தொடங்கினேன்.