படிக்கட்டே இல்லாத ஒன்பது வீடுகள்

இருபத்தாறு வருடமாக இறப்புப் பதிவேடு எழுதுகிறேன். பெயர், வயது, முகவரி, காரணம். ஆஸ்பத்திரியில் செத்தவர்களுக்கு டாக்டரே காரணம் எழுதிவிடுவார். வீட்டில் செத்தவர்களுக்கு, வீட்டாரைத் துருவிக் கேட்டு நான்தான் எழுத வேண்டும். கேட்டேன் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும்.

"கீழ விழுந்துட்டா சார்" என்பார்கள். புருஷன் போட்டு அடித்த கதை அவர்களுக்கு முன்பே என் காதுக்கு வந்திருக்கும். "படிக்கட்டிலயா?" என்று நானே எடுத்துக்கொடுப்பேன். தலையாட்டுவார்கள். சந்தேகம் என்று எழுதினால் போலீஸ், கோர்ட்டு என்று நானல்லவா நாயாய் அலைய வேண்டும்? எனக்கென்ன தலையெழுத்தா? படிக்கட்டு என்றால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

போன வருடம் தலைமை அலுவலகத்திலிருந்து புள்ளிவிவரம் பார்க்கும் அம்மாள் வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பதிவேட்டைப் புரட்டினார்.

"மத்த ஊர்ல வயசானவங்கதான் விழுந்து சாகறாங்க. உங்க ஊர்ல இருபது, இருபத்தஞ்சு வயசுப் பொம்பளைங்க. இதனாலயே இங்க பொம்பளைங்க சராசரி ஆயுசு ரெண்டு வருஷம் குறையுது. அடிச்சுக் கொன்னதுன்னு ஒரு வரிகூட இல்ல. படிக்கட்டெல்லாம் அவ்வளவு மோசமா?"

"ரொம்ப மோசம் மேடம்" என்றேன். கொஞ்சமும் வாய் கூசவில்லை.

அவர் வந்துபோன மூன்றாம் மாதம் சுற்றறிக்கை வந்தது. விழுந்து செத்தவர்கள் வீட்டுப் படிக்கட்டுகளுக்கெல்லாம் கைப்பிடி போட வேண்டுமாம். இரும்பு வேலைக்காரர் பட்டியலோடு போய்விட்டு, மறுநாளே திரும்பி வந்தார். "சார், இதுல ஒம்பது வீட்டுல படியே இல்ல. நான் எதுக்கு சார் கைப்பிடி போடறது?"

அலுவலகமே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன், மானங்கெட்டவன். அந்த ஒன்பதில் ஒன்று என் அக்கா மகள் வாழ்ந்த வீடு.

அவளை நான் தூக்கி வளர்த்தேன். காதோரம் ரத்தம் கட்டிக் கிடந்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன். அவள் புருஷன் கட்டையால் அடித்தது தெருவுக்கே தெரியும். அக்கா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "போனவ திரும்பி வரப்போறதில்லடா தம்பி. நாலு பேர் வாயில விழ வேண்டாம். எப்பவும் எழுதற மாதிரியே எழுதிடு." எழுதினேன். படிக்கட்டு என்று.

போன திங்கட்கிழமை ஒரு தையல்காரர் வந்தார். தோளில் அளவு நாடா, கையில் என் அக்கா மகளின் இறப்புச் சான்றிதழ் நகல்.

"சார், இந்த மாப்பிள்ளைக்கு என் பொண்ணக் கேக்கறாங்க. முதல் சம்சாரம் தவறி விழுந்துதான் செத்தாள்னு உங்க முத்திரையே இருக்கு. இருந்தாலும் பெத்த மனசு கேக்கல. நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா இன்னிக்கே சரின்னுடுவேன்."

"ஆமா" என்றால் போதும். இருபத்தாறு வருடப் பழக்கம், அது நாக்கு நுனியிலேயே இருந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடுக்காதீங்க" என்றேன். "அடிச்சே கொன்னுட்டான். அந்தக் காகிதம் பொய்."

"பொய்யா? யாரு சார் எழுதினது?"

"நான்தான்."

"உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"செத்தவ என் சொந்த அக்கா பொண்ணு."

அவர் நகலை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நல்லவேளை சொன்னீங்க என்று கையைப் பிடித்துக்கொள்வார் என்று எனக்கு ஒரு நப்பாசை. சீ, என்ன ஜென்மம் நான்!

"என் பொண்ணு பொழச்சா சார்" என்றார். "ஆனா ஒண்ணு கேக்கறேன். அக்கா பொண்ணுக்குத் தொறக்காத வாய், எம் பொண்ணுக்கு மட்டும் எப்படி சார் தொறந்துச்சு?"

பதிலுக்காக நின்றார். வரிசையில் இருந்தவர்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் பதிவேட்டைப் பிரித்துக் குனிந்துகொண்டு, "அடுத்தவங்க வாங்க" என்றேன்.