இரண்டு விரல் நுழையும் அரைஞாண்

போன வாரம் என் வீட்டுக்காரர் ஒரு பயங்கரமான விஷயத்தைக் கண்டுபிடித்தார். எங்கள் இரண்டரை வயசு மகன் அகிலன் இளைத்துவிட்டானாம்!

எதை வைத்து? அரைஞாண் கயிற்றை வைத்து. கடலூரில் ஆபீஸ் முடிந்து சிதம்பரம் வந்து சேர்ந்ததும், ஷூவைக்கூடக் கழற்றாமல் பையனின் இடுப்புக் கயிற்றுக்குள் விரலை விட்டுப் பார்ப்பார். ஒரு விரல் போனால் பிள்ளை தேவலை. இரண்டு போனால்... வீடே ரெண்டுபடும்.

"நேத்து ஒரு வெரலுதான் போச்சு. இன்னிக்கி ரெண்டு போவுது. புள்ளைக்கு சோறு போட்றியா, இல்லியா?"

எனக்கு வந்ததே கோபம்! சோறு மட்டுமா போடுகிறேன்? அவருக்குச் சொந்த ஊர் காடாம்புலியூர். முந்திரி மூட்டையாக வந்து இறங்கும். பாலில் முந்திரி, கஞ்சியில் முந்திரி, உப்புமாவில் முந்திரி... மதியம் ஆபீசிலிருந்து ஒரு மிஸ்டு கால் வரும். பையன் சாப்பிட்டுவிட்டான் என்பதற்கு நான் ஒரு மிஸ்டு கால் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

உங்களிடம் சொல்வதற்கென்ன — அன்று காலையில் முடிச்சைத் தளர்த்தியதே நான்தான். குளிப்பாட்டும்போது பார்த்தால், கயிறு பதிந்து தொப்பையில் சிவப்பாகக் கோடு. மனசு கேட்குமா? லூசாக்கிவிட்டேன். அதை அவரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் பிள்ளை குண்டாகிவிட்டான் என்று வாயைத் திறந்தால், பெற்றவள் கண்ணே பட்டுவிடும் என்று சண்டைக்கு வருவார்.

மறுநாளே டாக்டர். பையனை மெஷினில் நிறுத்திப் பார்த்தவர், வயசுக்கு வெயிட் ஜாஸ்தி, முந்திரியை நிறுத்துங்கள் என்றார். எனக்கும் அதே கவலைதான். நாலு படி ஏறினாலே பிள்ளைக்கு மூச்சு வாங்குகிறது.

இவர் வெளியே வந்து நிதானமாகச் சொன்னார்: "மெஷினு ரிப்பேரு."

சரி, இந்த மனுஷனுக்குக் கயிறு சொன்னால்தான் ஏறும். அடுத்த நாள் சாயங்காலம், அவர் வரும் நேரம் பார்த்து முடிச்சைப் பழைய இடத்துக்கே இறுக்கினேன். பிள்ளை தேறிவிட்டான் என்று தெரிந்தால் முந்திரியை நிறுத்திவிடுவார் இல்லையா? என்ன மூளை எனக்கு!

வந்தார். விரலை விட்டார். ஒன்றுதான் போனது. முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியா கலா... முந்திரி வேல செய்யுது. இனிமே காலையிலயும் ஒரு டம்ளர் முந்திரிக் கஞ்சி சேத்துக் குடுப்போம்."

சொன்னதோடு நிற்கவில்லை, அவரே கலக்கி ஊட்ட உட்கார்ந்துவிட்டார்.

முடிச்சு என் கையில் இருந்து என்ன பிரயோஜனம்... ஸ்பூன் அவர் கையில் இருக்கிறதே!