ஒன்பதரை அங்குல ரிம்

எனக்கு ரோஷம் ஜாஸ்தி. மலேசியாவில், செனாய் ஊரில் நான் வேலை செய்யும் டயர் கடைக்கு என் மனைவியின் தம்பி தன் டர்போ காரை உறுமவிட்டுக்கொண்டு வந்தபோதே எனக்குச் சுர்ரென்று ஏறியது.

காரணம் இருந்தது. முந்தின வாரம் ஒரு விருந்தில் எல்லார் முன்னாலும் சொன்னான்: "மச்சான் டயர் கடையில இருக்காருன்னு பேருதான். கொஞ்சம் ஸ்டைலா மாட்டச் சொன்னா பயந்து சாவாரு." எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள்.

இப்போது பின்சீட்டிலிருந்து அவன் இறக்கியவை ஒன்பதரை அங்குல அகல ரிம்கள். மாட்டச் சொன்ன டயரோ இருநூற்றைந்து மில்லிமீட்டர்தான். அதற்கு ஏழு அங்குல ரிம் போதும், மிஞ்சிப்போனால் ஏழரை. அதற்கு மேல் அகலமாக்கினால் டயரின் ஓரங்கள் இருபக்கமும் இழுபட்டு, ரிம்மை நுனிவிரலால் பிடித்துத் தொங்குகிற மாதிரிதான் நிற்கும். வேகமாக ஒரு வளைவு வந்தால் நழுவிவிடும்.

"இதுக்கு இருநூத்தி அம்பத்தஞ்சு போடணும்," என்றேன்.

"அலமாக்! மறுபடியும் பயமா மச்சான்? இழுத்து மாட்டினாத்தான் லா அழகு."

முதலாளி தவ்கே கடையில் இருந்திருந்தால் அவனைத் துரத்தியிருப்பார். அவர் இல்லை. "கொண்டா," என்றேன். நான்கையும் மாட்டினேன். காற்றை வழக்கத்தைவிட அதிகமாக ஏற்றினேன். அந்த அழுத்தம் ஒன்றுதான் ஓரங்களைப் பிடித்து வைத்திருந்தது; காற்று குறைந்தால் கழன்றுவிடும். அதை அவனிடம் சொல்லவில்லை. நடுரோட்டில் நிற்கட்டும், யார் பயப்படுகிறார் என்று அப்போது பார்ப்போம் என்று நினைத்தேன். ஆமாம், அப்படியேதான் நினைத்தேன்.

இரண்டு மணி நேரம் கழித்து மனைவி போன் செய்தாள்.

"தம்பிகூட தங்காக் டவுனுக்குப் போறேங்க, அவன் நிச்சயத்துக்குச் சேலை எடுக்க. ஹைவே பெட்ரோல் ஸ்டேஷன்ல நிக்கிறோம். கார் என்னா இந்தக் குதி குதிக்குது? இடுப்பே போச்சு. காத்து அதிகமாம், குறைச்சிக்கிட்டு இருக்கான்."

மாட்டிக்கொண்டிருந்த டயரை அப்படியே விட்டேன்.

"தொட வேணாம்னு சொல்லு! நீ உள்ள இருக்கியா? இறங்கு! முதல்ல இறங்கு!"

"ஏன் இப்படிக் கத்துறீங்க?"

"அந்த ரிம்முக்கு அந்த டயர் பத்தாது. காத்துலதான் நிக்குது. இறங்குடி!"

கதவு சாத்தும் சத்தம். "இறங்கிட்டேன். டேய், வண்டிய எடுக்காத, மச்சான் வேணாங்கிறாரு!" அவன் காதில் விழவில்லை போல; எஞ்சின் உறுமியது. பிறகு டப்பென்று ஒரு சத்தம், இரும்பு தரையில் உரசும் சத்தம்.

"ஐயோ!" என்றாள்.

அவள் மறுபடி பேசும்வரை என்னென்னவோ நினைத்துவிட்டேன்.

"வளைச்சுத் திருப்பினான், முன் டயரு கழண்டுடுச்சு. அவனுக்கு ஒண்ணும் ஆகல." மூச்சு வாங்கினாள். "ஹைவேயில ஏறியிருந்தா என்னாங்க ஆயிருக்கும்?"

கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

"மாட்டும்போதே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நான் உள்ள இருந்ததாலதான் சொன்னீங்க. அவன் மட்டும் போயிருந்தா?"

அவள் போனை வைக்கவில்லை, பதிலுக்காகக் காத்திருந்தாள். பக்கத்தில் அவள் தம்பியின் குரல் நடுங்கிக்கொண்டே கேட்டது.

"போனைக் குடு அக்கா, மச்சான்கிட்ட கேப்போம். அவருக்குத்தான் தெரியும், இனி என்ன பண்ணணும்னு."