பொங்காத ஊசி

அன்று ஜில்லா ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, அவள் இடுப்பில் எங்கள் ஒரு வயதுப் பெண், மனைவியின் அண்ணன், பெரிய டாக்டர், ஒரு நர்ஸம்மா. ஆறு பேர். டாக்டருக்கென்று மச்சான் கூடையில் கொண்டுவந்திருந்த நண்டுகளை நான் சேர்க்கவில்லை. அவையும் உயிரோடுதான் இருந்தன.

நான் மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில் பிறந்தவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு போயிற்று. கடலைப் பார்த்தால் பயம். மீன் பிடிக்கிற குடும்பத்தில் இப்படி ஒருவன் பிறந்தால் என்ன செய்வார்கள்? செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கம் வாடகை சைக்கிள் கடை வைத்துக் கொடுத்தார்கள். அங்கேயும் வெளியே போன சைக்கிள் திரும்பி வருகிறவரை வாசலிலேயே நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஐம்பதுகளின் கடைசியில் என் மனைவியின் கழுத்தில் வெள்ளையாக ஒரு திட்டு வந்தது. குஷ்டமோ என்று நடுங்கிப்போனேன். ஆஸ்பத்திரியில் பஞ்சால் தொட்டுப் பார்த்து, உணர்ச்சி நன்றாக இருக்கிறது, வெறும் வெண்படைதான் என்றார்கள். அப்பாடா என்று இருந்தால் அடுத்த வருஷம் காய்ச்சல். முழங்காலுக்குக் கீழே சிவப்பாகக் கட்டி கட்டியாக எழும்பின. கணுக்கால் வீங்கியது. வறட்டு இருமல் வேறு. எக்ஸ்ரே எடுத்தால் மார்பில் இரண்டு பக்கமும் நிழல். சளியில் கிருமி இல்லை, ஆனாலும் டி.பி.யாகத்தான் இருக்கும், தாம்பரம் டி.பி. ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியிருக்கும், எத்தனை மாதமோ, குழந்தையைக் கூட்டிப்போகக் கூடாது என்றார் சின்ன டாக்டர். அன்றிலிருந்து அவள் குழந்தையை இடுப்பை விட்டு இறக்கவேயில்லை.

செய்தி கேட்டு மச்சான் ஓடிவந்தான். அந்த வாரம் வஞ்சிரம் நன்றாக விழுந்திருந்தது. தாம்பரம் செலவுக்கென்று இருபத்தைந்து ரூபாயை என் கையில் திணித்துவிட்டுப் போனான்.

லீவு முடிந்து வந்த பெரிய டாக்டருக்கு மட்டும் அந்த நிழலில் ஏதோ சந்தேகம். அவள் முன்கையில் தோலுக்கடியில் சின்னதாக ஓர் ஊசி போட்டார். தேய்க்காதே, மூன்றாம் நாள் வந்து காட்டு என்றதோடு சரி. எதற்கென்று நாங்களும் கேட்கவில்லை. கையில் குத்தி, பிறகு வந்து பார்க்கிற ஊசி என்றால் எங்களுக்குத் தெரிந்தது அம்மை குத்துவதுதான். அது பொங்கினால் நல்லது. பொங்காவிட்டால் பிடிக்கவில்லை என்று மறுபடி குத்துவார்கள்.

இரண்டாம் நாள் கை வழவழவென்று இருந்தது. நான் சாப்பிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி வந்த மச்சானும் பார்த்தான்.

"இன்னா மச்சான், ஊசி பிடிக்கவேயில்லியே. இதுக்கா பேஜாராயிகினு கீற?"

வழியில் தோப்பில் பொறுக்கிய பச்சை முந்திரிக்கொட்டையை நசுக்கி, தோட்டின் பாலை அந்த இடத்தில் ஒற்றினான். விடிவதற்குள் பெரிய கொப்புளம். எரிச்சலில் அவள் தூங்கவில்லை. பல நாளுக்குப் பிறகு நான்தான் நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் அந்த வராந்தாவில் கையைப் பார்த்ததும் டாக்டரின் முகம் வாடிவிட்டது. குழந்தையை ஒருமுறை பார்த்துவிட்டு, தாம்பரத்துக்கு எழுதிவிடலாம் என்று நர்ஸம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். என் மனைவி குழந்தையை இறுக்கிக்கொண்டு அழுதாள். மச்சானுக்குத்தான் பொறுக்கவில்லை.

"இன்னா சார் இது? பொங்கிச்சுன்னா நல்லதுதானே? எவ்ளோ கஷ்டப்பட்டுப் பொங்க வெச்சேன்."

"நீ பொங்க வெச்சியா?"

நர்ஸம்மா குனிந்து மோந்து பார்த்து, முந்திரிக்கொட்டை சார் என்றாள். டாக்டர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"இது பொங்கினாத்தான்யா டி.பி. பொங்கக் கூடாதுன்னு ரெண்டு நாளா நான் வேண்டிக்கிட்டு இருக்கேன்."

அழுதுகொண்டிருந்தவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். "அண்ணாத்த, அந்தப் பாலை நீ பொறந்தப்பவே உன் வாயில வெச்சிருக்கணும்."

டாக்டர் முதலில் சிரித்தார். பிறகு நாங்கள் எல்லோரும். அவர் சைவம் என்பதால் நண்டு நர்ஸம்மாவுக்குப் போயிற்று. ஊசி மறு கைக்குப் போயிற்று. மூன்றாம் நாள் வரை மச்சான் செங்கல்பட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு.

இந்தத் தடவை கை, அலை வந்து போன மணல் மாதிரி சுத்தமாக இருந்தது. கட்டி, கணுக்கால், மார்பு நிழல் மூன்றும் ஒரே வியாதி, அதன் பெயர் சார்காய்டு, டி.பி. இல்லை, பெரும்பாலும் தானே அடங்கிவிடும் என்றார் டாக்டர். தாம்பரம் வேண்டாம். அவள் அப்போதுதான் குழந்தையைத் தரையில் இறக்கிவிட்டாள். அது நேராக டாக்டரின் செருப்பை நோக்கித் தவழ்ந்தது.

எனக்குக் கழுத்துத் திட்டு ஞாபகம் வந்தது. அதுவும் இதுதானா என்று கேட்டேன்.

"அது வேற. ஆனா ரெண்டும் பங்காளிங்க மாதிரி. உடம்புக்குக் காவல் இருக்கறவனே வீட்டு ஆளைப் போட்டு அடிக்கிற வியாதிங்க சிலது இருக்கும்போலன்னு இப்பத்தான் சந்தேகப்படறாங்க. ஒருத்தன் வந்த வீட்டுக்கு இன்னொருத்தனும் வர்றது உண்டு."

"இன்னும் எத்தினி பங்காளிங்க கீறாங்க சார்?" என்றேன்.

"சொன்னா நீ தூங்கமாட்டே. கண்ணு செவந்தா மட்டும் உடனே கூட்டிக்கிட்டு வா."

அது போதாதா எனக்கு? தினமும் கடை திறக்குமுன் அவள் இமையைத் தூக்கிப் பார்ப்பேன். தெருவில் எல்லோரும் சிரிக்கிறார்கள் என்று கையைத் தட்டிவிடுவாள். கண் சிவக்கவே இல்லை. அடுத்த வருஷ எக்ஸ்ரேயில் நிழலும் இல்லை. வெள்ளைத் திட்டு மட்டும் போகவில்லை. பல வருஷம் கழித்துத் தொண்டை வீங்கித் தைராய்டு என்றார்கள். இன்னொரு பங்காளி வந்துட்டாம்பா என்று அவளே சொல்லிச் சிரித்தாள். மாத்திரையோடு நன்றாகத்தான் இருக்கிறாள்.

எக்ஸ்ரே சுத்தமான அந்த வாரமே மச்சான் தந்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். மச்சான் வலையை உதறிக்கொண்டிருந்தான். கையை நீட்டமாட்டேன் என்றான்.

"தாம்பரத்துக்குன்னு எடுத்து வெச்ச டப்பு அது. என் வூட்டுக்குத் திரும்பி வந்தா, வியாதியும் அவளாண்ட திரும்பி வந்துடும்."

இதைக் கேட்டபிறகு என்னைப் போன்றவன் வற்புறுத்துவானா? மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டேன். அவனுக்கு நான் தரவேண்டிய பாக்கி, இன்றைக்கும், இருபத்தைந்து ரூபாய்.