அங்பாவ் என்று எழுதிய பதினைந்தாயிரம்

எண்பதுகளின் நடுவில், சிலிபின் டவுனில் பழைய லாரி டயர்களுக்குப் புது ரப்பர் ஒட்டித் தரும் சின்னக் கம்பெனியில் கணக்கு எழுதினேன். கோலா கங்சார் பக்கம் ரப்பர் தோட்டம் கைமாறியதும் வேலை போய் டவுனுக்கு வந்தவர்கள்தான் அங்கே எல்லாரும். கடைசியாகச் சேர்ந்தவள் நான். கணக்கில் புலி என்று எனக்கே என்மேல் ஓர் எண்ணம்.

தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் சீன ரப்பர் வியாபாரிக்குக் கம்பெனி நாற்பதாயிரம் வெள்ளி பாக்கி. ஊரெங்கும் வியாபாரம் படுத்திருந்தது. வந்தவரை போதும் என்று அவர் இருபத்தைந்தாயிரத்தை வாங்கிக்கொண்டு, மீதிப் பதினைந்தாயிரம் வேண்டாம் என்று கடிதம் கொடுத்தார். சீனப் பெருநாள் சமயம் என்பதால் அதைச் சிவப்பு உறையில் போட்டுக் கொடுத்தார். சிவப்பு உறையில் வந்தால் பெருநாள் அன்பளிப்பு, அங்பாவ்தானே? புலி யோசிக்கவே இல்லை. பேரேட்டில் ‘அங்பாவ்’ என்று எழுதி, வருமானத்தில் சேர்க்காமல் விட்டேன்.

வருமான வரி அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். முதலாளியோடு போனேன். அதிகாரி ஒரு தமிழ்ப் பெண். பேரேட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“ரப்பர் வாங்குன நாப்பதாயிரத்தையும் செலவுன்னு அப்பவே கழிச்சிட்டீங்க. இப்ப பதினஞ்சாயிரம் கட்ட வேணாம்னா, கழிச்சது திரும்ப வருமானமா வரும்லா.”

“கையில ஒரு காசு வரலியேம்மா!” என்றார் முதலாளி.

“கையில வரல அண்ணே, கணக்குல வந்திருச்சு.”

அதிகாரி உள்ளே கணக்குப் போட, நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். முதலாளி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “வரி கட்டணும்னா ஒரு ஆள வேலையிலேருந்து நிப்பாட்டணும், தங்கச்சி.” கடைசியாகச் சேர்ந்தவள் நான்தான் என்பது புலிக்கு நினைவு வந்தது.

அதிகாரி மறுபடி கூப்பிட்டார். “முந்துன ரெண்டு வருச நட்டம் அப்படியே இருக்கே. அத இதுல கழிக்கலாம். ஏன் காட்டல?”

பழைய நட்டத்தைக் காட்டுவது கம்பெனிக்கு அசிங்கம் என்று வரிக்கு நிரப்பும் பாரத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டதும் நான்தான். கழித்துப் பார்த்தால் வரியே இல்லை. வெளியே வந்ததும் முதலாளி எங்கள் இரண்டு பேருக்கும் கோப்பி வாங்கினார். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

சாயந்திரம் அந்த இரண்டு வருடக் கணக்கை எடுத்தேன். டயரே வராத மாதங்களிலும் எல்லாருக்கும் முழுச் சம்பளம். முதலாளியின் பெயருக்கு நேரே மட்டும் ஒன்றுமில்லை. அதில் ஆக மோசமான மாதத்தில்தான் அவர் என்னை வேலைக்கு எடுத்திருந்தார்.