கோல் போட வந்தவர்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வராஜ் என்னிடம் ஒரு வேலையை ஒப்படைத்தார். பெரிய வேலை ஒன்றும் இல்லை. ஒரு மனிதரை மதியம் வரைக்கும் என் வீட்டில் சும்மா உட்கார வைத்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

செல்வராஜ் எங்கள் எஸ்டேட்டில் கொழுந்து லாரி ஓட்டுகிறார். ஃபுட்பால் கிளப்புக்குச் செயலாளரும் அவர்தான். உட்கார வைக்க வேண்டிய மனிதர் இம்மானுவேல். கானா நாட்டுக்காரர். ஃபார்வர்டு ஆட்டக்காரர் — அதாவது, கோல் போடுவதற்கென்றே இருப்பவர்.

எங்கள் ஓவேலி மலையில் கானாக்காரருக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? மலைக்குக் கீழே மலப்புரம் பக்கம் செவன்ஸ் என்று ஓர் ஆட்டம் உண்டு. பக்கத்துக்கு ஏழு பேர். சீசன் வந்தால் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்டக்காரர்கள் வந்து இறங்குவார்கள். அந்த மோகம் கூடலூர் வழியாக எங்கள் எஸ்டேட் வரைக்கும் ஏறிவந்துவிட்டது. ஃபைனல் என்றால் ஒரு வெளிநாட்டு ஆளைக் கூட்டி வருவது இப்போது எங்களுக்கும் கௌரவம்.

ஏன் என் வீடு என்று கேட்டேன்.

"வேற எங்க விட்டாலும் பேசிப் பேசியே ஆளைக் களைக்க வச்சிருவாங்க அண்ணே. நீங்கதான் பேச மாட்டீங்க."

உண்மைதான். இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும்... எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். எதிரே ஆள் வந்து உட்கார்ந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் இம்மானுவேல் பேசினார். காலையில் சர்ச் பூசைக்கு என்னோடு வருகிறேன் என்றார். தேயிலைச் செடிகளுக்கு நடுவே நடந்து போகும்போது கொஞ்சம் மலையாளம், கொஞ்சம் இங்கிலீஷ் கலந்து தன் கதையைச் சொன்னார்.

ஊரில் சின்ன வயதிலேயே பெரிய ஆட்டக்காரன் என்று பெயர் வாங்கியவர். ஐரோப்பாவுக்கு அனுப்புகிறேன் என்று ஓர் ஏஜென்ட் சொல்லி, கடைசியில் வேறு எங்கோ போய், அங்கே அந்த கிளப்பே மூடிப்போய்... எப்படியோ கேரளா. ஒரு சீசன் ஆடிப் பார்க்கலாம் என்று வந்தவர், வருடா வருடம் வருகிறார். இப்போது முப்பது தாண்டிவிட்டது. ஃபார்வர்டுக்கு அது நல்ல வயது இல்லை.

மகள் பெயர் அமா. பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். அப்பா ஃபுட்பால் பிளேயர் என்றால் கூடப் படிக்கிற பிள்ளைகள் நம்புவதில்லையாம். டிவியில் வரவே இல்லையே என்கிறார்களாம்.

அன்றைக்கு ஆட்டம் பார்க்க பெங்களூரிலிருந்து ஒரு கிளப்பின் கோச் வருகிறார். பதினோரு பேர் ஆடுகிற சரியான கிளப். அவருக்குப் பிடித்தால் ஒரு வாய்ப்பு. பிடிக்காவிட்டால் சீசன் முடிந்ததும் விமானம் ஏற வேண்டியதுதான். அடுத்த வருடம் யாரும் கூப்பிடப்போவதில்லை. இதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தம் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போலச் சொன்னார்.

பூசை முடிவில் ஃபாதர் அவரை எழுந்து நிற்கச் சொல்லி, தம்பிக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள் என்றார். அங்கேதான் ஆரம்பித்தது.

எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில், ஒரு வழக்கம். ஒரு வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அவர் அந்த வரிசைக்கே விருந்தாளி. ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டு இன்னொரு வீட்டைத் தாண்டிப் போனால், அந்த வீட்டுக்காரர்கள் அடுத்த தீபாவளி வரைக்கும், அல்லது கிறிஸ்துமஸ் வரைக்கும், சொல்லிக் காட்டுவார்கள். இம்மானுவேல் ஊரிலும் ஒரு வழக்கம் இருக்கிறதாம். வைத்த சாப்பாட்டை மிச்சம் விடுவது வைத்தவருக்கு அவமானம்.

இந்த இரண்டு வழக்கமும் ஒரே ஞாயிற்றுக்கிழமை சந்தித்தால் என்ன ஆகும்?

முதலில் பக்கத்து வீட்டில் ஓர் அப்பம், கோழிக்கறி. பிறகு பாக்கியம் அக்கா வீட்டில் தேங்காய் ரொட்டியும் சம்பலும். பாக்கியம் அக்கா சின்னப் பிள்ளையாக சிலோனிலிருந்து வந்தவர். கைப்பக்குவம் மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறது. இம்மானுவேல் தட்டைக் கையால் மூடி, "மதி சேச்சி, மதி" என்றார். மலையாளத்தில் போதும் என்று அர்த்தம். அக்காவுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் எங்கள் பக்கம் விருந்தாளி போதும் என்று சொல்வது ஒரு மரியாதை. அதைக் கேட்டுவிட்டு இன்னொரு ரொட்டி வைப்பது பதில் மரியாதை.

"மலை ஏறி வந்த புள்ள. தேத்தண்ணி குடிச்சா எல்லாம் செரிச்சிரும் தம்பி," என்றார் அக்கா.

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வந்தால்தானே!

கடைசியில் லீலா சேச்சி வீடு. வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு, மீன் குழம்பு. இம்மானுவேல் கிழங்கைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். கையாலேயே நன்றாக மசித்து, உருட்டி, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் அப்படியே விழுங்கினார். அவர் அம்மா இடித்துக் கொடுப்பது இப்படித்தான் இருக்குமாம். இந்த முறை மதி என்று அவர் சொல்லவே இல்லை.

மூன்று மணிக்கு ஆட்டம்.

எங்கள் கிரவுண்டின் ஒரு பக்கம் சரிவு. பந்து உருண்டால் தேயிலைக்குள் போய்விடும். எதிர் அணி ஊட்டிப் பக்கம் எமரால்டிலிருந்து வந்திருந்தது. காய்கறித் தோட்டத்தில் வேலை செய்கிற பையன்கள், ஓடினால் நிற்கமாட்டார்கள். நம் ஆள் ஓடவே இல்லை. ஓட முடியவில்லை. ஒரு பந்துக்கு ஓடிவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றார். மூச்சு வாங்கியது.

எமரால்டு ஆதரவாளர் ஒருவர் என் பக்கத்திலேயே நின்றிருந்தார். அவர் செல்வராஜைக் கூப்பிட்டு, "ஏனுங்க, ஆள் புடிச்சுட்டு வந்தீங்களா, இல்ல நெழலுக்கு மரம் நட்டு வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். சுற்றி எல்லாரும் சிரித்தார்கள். கொஞ்சம் தள்ளித் தொப்பி போட்டு உட்கார்ந்திருந்த பெங்களூர் கோச் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

இடைவேளைக்குள் இரண்டு கோல் வாங்கிவிட்டோம். செல்வராஜ் கோபத்தில் என்னைத்தான் பார்த்தார். இம்மானுவேலை வெளியே எடுத்துவிட முடிவு செய்தார்.

இம்மானுவேல் வெளியே வரவில்லை. பின்னால் ஸ்டாப்பராக ஆடும் சந்தோஷின் தோளைத் தட்டி, முன்னால் போ என்று காட்டினார். சந்தோஷ் எஸ்டேட் எலக்ட்ரீஷியன். வாழ்நாளில் கோல் போஸ்ட்டை முன்பக்கமிருந்து பார்த்ததில்லை. தயங்கித் தயங்கிப் போனார். இம்மானுவேல் நடந்து போய் நம் கோலுக்கு முன்னால் நின்றுகொண்டார்.

அங்கிருந்து வாயால் ஆடினார். வா, போ, நில்லு, வலது பக்கம் — தெரிந்த தமிழ் மலையாளம் எல்லாவற்றையும் இறக்கினார். எமரால்டு பையன்கள் பந்தோடு ஓடிவந்தால் அவர் எதிர்த்து ஓடவில்லை. பந்து எங்கே வரப்போகிறதோ அங்கே இரண்டு அடி எடுத்து வைத்து நின்றார். பந்து அவரிடமே வந்தது. இத்தனை வருடம் கோல் போட்டவருக்கு, கோல் போட வருகிறவன் அடுத்து என்ன நினைப்பான் என்று தெரியாதா?

ஒரு முறை அங்கிருந்தே நீளமாக ஒரு பாஸ். எல்லார் தலைக்கும் மேலே போய் சந்தோஷ் காலடியில் விழுந்தது. சந்தோஷ் கண்ணை மூடிக்கொண்டு உதைத்தார். கோல்.

தோற்றோம். இரண்டுக்கு ஒன்று. ஆனால் பிற்பாதியில் ஒரு கோல்கூட வாங்கவில்லை.

கோச் கிரவுண்டுக்குள் வந்து, எத்தனை வருடமாகப் பின்னால் ஆடுகிறாய் என்று கேட்டார்.

"மத்தியானச் சாப்பாட்டிலிருந்து," என்றார் இம்மானுவேல்.

இங்கிலீஷில்தான் சொன்னார். எனக்கே புரிந்தது. கோச் அப்போதுதான் முதல் முறையாகச் சிரித்தார். ஃபார்வர்டு ஆட என்னிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள், இளைஞர்கள். டிஃபெண்டராக வருவதென்றால் ஒரு மாதம் டிரயல் தருகிறேன் என்றார்.

இம்மானுவேல் உடனே சரி என்று சொல்லவில்லை. எனக்கு அது புரிந்தது. நானும் தேயிலை ஃபேக்டரியில் இலை உருட்டும் ரோலர் பக்கம் நின்றவன். முதுகு பிடித்துக்கொண்டதும் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அந்தக் கோபத்தில் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. நான் பேசாமல் இருந்தது யாருக்கும் தெரியவில்லை என்பது வேறு விஷயம்.

முன்னால் நின்று பழகியவர்களுக்கு, பின்னால் போ என்றால் வெளியே போ என்றுதான் கேட்கிறது. அடுத்த தலைமுறை முன்னால் ஓடட்டும் என்று மேடையில் பேசுகிறோம். நம் இடத்தில் ஒருவர் வந்து நின்றால் மட்டும் முகம் சுருங்கிவிடுகிறது. பின்னால் போய் நின்றால் மொத்த மைதானமும் தெரியும் என்பதை யாரும் சொல்லித்தருவதில்லை.

கோச்சிடம் சாயங்காலம் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, என் வீட்டு வாசலிலிருந்து இம்மானுவேல் மகளுக்கு வீடியோ கால் போட்டார். இருவரும் அவர்கள் மொழியில் பேசினார்கள். அமா ஏதோ கேட்டாள். இவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு எனக்கு விளக்கினார். பின்னால் நின்றால் டிவியில் தெரிவீர்களா என்று கேட்டிருக்கிறாள். தப்பு செய்தால் எல்லாரையும்விட நன்றாகத் தெரிவேன் என்று சொன்னாராம்.

போனை வைத்துவிட்டு கோச்சைக் கூப்பிட்டு, வருகிறேன் என்றார்.

இந்தப் புதன்கிழமை பெங்களூரிலிருந்து பேசினார். டிரயல் முடிந்து, ஒரு சீசனுக்கு ஒப்பந்தம் ஆகிவிட்டது. எனக்கு சந்தோஷத்தில் என்ன பேசுவதென்று தெரியவில்லை. சும்மா இருந்திருக்கலாம். அடுத்த சீசன் என்ன செய்வீர்கள் என்று கேட்டுத்தொலைத்தேன்.

"அதுக்கென்ன சேட்டா... எனக்குப் பின்னாலே இன்னும் கோல்கீப்பர் இருக்கிறாரே," என்றார்.

இவருக்கு இருக்கிற தைரியத்தைப் பார்த்தால், அந்த கோல்கீப்பர் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது!